வடமேற்கு இடம்பெயர்ந்த வெள்ளிக்கிழமை

பசுந்தாங் ஓடைக்கு அருகிலிருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியை வந்த முதல் வாரத்திலேயே, மாணவர்கள் தம் விருப்பம்போல் அமரும் வழக்கம் முடிவுக்கு வந்தது. தலைமையாசிரியையை அங்கே எல்லாரும் சயாமாஜி என்றே அழைப்பர். பர்மிய வழக்கில் பிறந்த கிழமை ஒவ்வொன்றுக்கும் ஒரு திசையும் ஒரு விலங்கும் உண்டு. பகோடாவுக்குப் போகிறவர்கள் தத்தம் கிழமைக்குரிய திசையில் நின்று நீர் ஊற்றி வணங்குகிறார்கள். வகுப்பறையில் மட்டும் ஏன் தாறுமாறாக அமர வேண்டும் என்று சயாமாஜி கேட்டார். ஆகவே பத்தாம் வகுப்பின் சுவர்களில் எட்டுத் திசைகளுக்கும் பலகைகள் அறையப்பட்டன. புதன்கிழமையை மட்டும் பர்மியர்கள் இரண்டாகப் பிரிப்பதால் கணக்கு எட்டாயிற்று. புதன் முற்பகலில் பிறந்தோருக்குத் தெற்கும் தந்தமுள்ள யானையும். பிற்பகலில் பிறந்தோருக்கு வடமேற்கும் தந்தமில்லாத யானையும். பிற்பகல் புதனுக்கு இராகு என்று பெயர்.

மறுநாள் காலையில் விலங்குகளும் வந்திருந்தன. அவற்றை அழைத்தவர் யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. அன்று கணக்குத் தேர்வு இருந்தது. திங்கட்கிழமைப் புலி கிழக்கு பெஞ்சின் அடியில் படுத்து உறங்கிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கருடன் மின்விசிறியின் மேல் அமர்ந்துகொண்டது. அதனால் மின்சாரம் இருந்த நேரத்திலும் காற்று இல்லாமற்போயிற்று. சனிக்கிழமை நாகம் தென்மேற்குத் தூணைச் சுற்றிக்கொண்டு, மின்விசிறி மேலிருந்த கருடனை நாள் முழுவதும் முறைத்தது. தந்தமில்லாத யானை கியாக்தானிலிருந்து பேருந்தில் வந்தபடியால் சற்றுத் தாமதமாகி, வாசலிலேயே நின்று அனுமதி கேட்டு உள்ளே நுழைந்தது.

“எல்லாருக்கும் புலி, சிங்கம்னு கிடைக்குது. எனக்கு எலி,” என்று வியாழக்கிழமையில் பிறந்த நியாஸ் குறைப்பட்டுக்கொண்டான். “அதுவும் என் ரொட்டியைத் தின்னுட்டு எனக்கே வீட்டுப்பாடம் சொல்லித் தருது.”

“சரியாச் சொல்லித் தருதா?” என்றாள் கலா.

“அதான் கோவம். சரியாத்தான் சொல்லுது.”

கலாவின் கவலை வேறு. அவளும் ரோஸ்லினும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். இருவருமே புதன்கிழமைப் பிறப்பு. ஆயினும் ரோஸ்லின் முற்பகலில் பிறந்தவள். கலாவின் பிறப்புச் சான்றிதழிலோ பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பின் என்றிருந்தது. ரோஸ்லின் தெற்கே போனாள். கலா வடமேற்கு மூலையில் தன்னந்தனியே அமர்த்தப்பட்டாள். வகுப்பில் இராகு வேளையில் பிறந்தவர் வேறெவரும் இல்லை. பெஞ்சின் மறுபாதியில் யானை தன் ஒரு முன்காலை மட்டும் மரியாதையாக வைத்துக்கொண்டது.

இடமாற்றத்தால் கலாவுக்கு நேர்ந்த இழப்பு சிறியதன்று. நண்பகல் இடைவேளைதோறும் இருவரும் கலாவின் கைபேசியில் ஜப்பானிய நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்த்து வந்தார்கள். அதுவும் ஓர் உயர்நிலைப் பள்ளியைப் பற்றியதே. ஒரு பகுதியில் மாணவன் ஒருவனின் அழிப்பான் வயிற்றுவலி என்று விடுப்புக் கேட்கும். ஆசிரியர் மருத்துவச் சான்று எங்கே என்று கேட்பார். இன்னொரு பகுதியில் ஆசிரியர்கள் அறைக்குள் மட்டும் மழை பெய்யும். அவர்கள் குடை பிடித்தபடி விடைத்தாள் திருத்துவார்கள். அதில் வருகிறவர்கள் எதற்கும் வியப்பதில்லை என்பதே கலாவுக்குப் பிடித்திருந்தது. காதொலிப்பானின் ஒரு முனை கலாவின் இடக்காதில், மறுமுனை ரோஸ்லினின் வலக்காதில். ஒருத்தி இல்லாமல் மற்றவள் பார்ப்பதில்லை என்பது அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். தொடரின் இறுதிப் பகுதி அவ்வெள்ளிக்கிழமை வெளியாகவிருந்தது. தெற்கு பெஞ்சிலோ ரோஸ்லினுக்குப் பக்கத்தில் மா தஸின் என்ற பர்மியப் பெண் அமர்ந்திருந்தாள். அவளுடைய கைபேசி பெரியது. காதொலிப்பானே தேவைப்படாத அளவுக்கு உரக்கப் பேசுவது.

அன்று மாலை கலா வீட்டில் சண்டை பிடித்தாள்.

“நான் எத்தனை மணிக்குப் பொறந்தேன்? உண்மையைச் சொல்லும்மா.”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த தைலம்மாள் கணவரைப் பார்த்தாள். மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருந்த நல்லையா, சுவரைப் பார்த்தார்.

“அப்பாவையே கேளு. ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தது அவருதான்.”

“ராகு காலம்டி,” என்றார் நல்லையா மெதுவாக. “புதங்கிழமை பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை. பொம்பளப் புள்ள ராகு காலத்துல பொறந்துச்சுன்னு யாரும் பேசிறக் கூடாதேன்னு, ஒன்றரை தாண்டித்தான்னு எழுதச் சொல்லிட்டேன்.”

“இங்க பன்னெண்டுக்கு மேல பூரா ராகுதானேப்பா! ஒன்றரை மணி நேர ராகுவுக்குப் பயந்து, பொழுதன்னைக்கும் இருக்கிற ராகுகிட்ட என்னைத் தூக்கிக் கொடுத்திருக்கீங்க!”

“அப்ப அது தோணல.”

“பொறந்து வளர்ந்தது இந்த ஊர்ல. இது தோணலையாம்,” என்றாள் தைலம்மாள், கீரையிடம்.

கருடனின் இறகுகள் சிக்கி மின்விசிறி நின்றுபோனதால், அதைப் பழுது பார்க்க நல்லையாவைப் பள்ளிக்கு அழைத்தார்கள். ஏணியின் உச்சியில் நின்று, கருடனிடம் “கொஞ்சம் தள்ளிக்கங்க” என்று வேண்டியவாறு அவர் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கீழே கலா சயாமாஜியை அழைத்து வந்து நிறுத்திவிட்டாள். இறங்க வழியில்லாத இடத்தில் மனிதர்கள் பெரும்பாலும் உண்மை பேசுவார்கள். நல்லையா அனைத்தையும் பர்மிய மொழியில் ஒப்புக்கொண்டார்.

“சான்றிதழ் பொய் என்றால், மெய்யான நேரம் எது?” என்று சயாமாஜி கேட்டார்.

“குழந்தை அழுத சத்தம் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தேன், சயாமாஜி. ரெண்டு முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நேரா நின்னுச்சு.”

சயாமாஜி நெடுநேரம் சிந்தித்தார். நண்பகல் முற்பகலும் அன்று, பிற்பகலும் அன்று. ஐயத்துக்கு இடம் தராத ஒழுங்கே ஒழுங்கு என்பது அவர் கொள்கை. முடிவில் அவர் தீர்ப்பளித்தார்: கலா நண்பகல்வரை தெற்கு பெஞ்சில் அமர வேண்டும், பன்னிரண்டு மணி அடித்தவுடன் எழுந்து வடமேற்குக்குச் செல்ல வேண்டும்.

இது பாதி வெற்றி. இடைவேளையின் நட்டநடுவில் பன்னிரண்டு மணி வந்து தொலைத்தது. பர்மிய மரியாதைப்படி ஊ சேர்த்து அழைக்கப்பட்ட காவலாளி ஊ இராமையா, முற்றத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் தட்டும்போது கதை சரியாகப் பாதியில் இருக்கும். கலா ஒருநாள் அவரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

“கொஞ்சம் லேட்டா அடிங்க மாமா.”

“நேத்தே உன் மூஞ்சியப் பார்த்துட்டு லேட்டாத்தாம்மா அடிச்சேன். பன்னெண்டு மணி கேட்டுக்கு வெளியே வந்து நின்னு முணுமுணுக்குது. பின்னாலயே ஒரு மணியும் வந்து வரிசையில நின்னுச்சு. எனக்கெதுக்கு வம்பு?”

எனவே கலா பாதியில் படத்தை நிறுத்தி, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வடமேற்குக்குப் போவாள். ஒப்பந்தப்படி மீதியை மறுநாளைக்கு வைத்திருக்க வேண்டும். ஆனால் யானை அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட்டதில்லை. அது துதிக்கையின் நுனியால் திரையைத் தொட்டுப் படத்தை ஓடவிட்டது. கலா நிறுத்தினாள், அது ஓடவிட்டது. மூன்றாவது முறை கலாவின் கை தளர்ந்தது. அழிப்பானின் மருத்துவச் சான்று போலி என்று தெரியவந்த கட்டத்தில் யானை சிரித்தது. பெஞ்சு குலுங்கிற்று, கலாவும் சிரித்துவிட்டாள்.

வகுப்பின் மறுகோடியிலிருந்து ரோஸ்லின் அதைப் பார்த்தாள்.

“நீ யானையோட பார்த்துட்டியா?” என்று பள்ளி விட்டதும் கேட்டாள்.

“அதுவா போட்டுச்சுடி. நான் நிறுத்தத்தான் பார்த்தேன்.”

“சிரிச்சது யாரு? அதுவும் யானை உனக்குப் பதிலா சிரிச்சுச்சா?”

“ரோஸ்லின், அது பாவம்டி. அதுக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது.”

“எனக்கு மட்டும் தெக்குப் பக்கம் யாரைத் தெரியும்? யாபாதே. வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதியை நான் தஸினோட பார்த்துக்கிறேன். அவ போன்ல ரெண்டு காதுக்கும் கேக்கும்.”

பரவாயில்லை என்று பொருள்படும் அந்த யாபாதேயில் அந்தப் பொருள் சிறிதும் இல்லை என்பதைக் கலா நன்றாக அறிந்திருந்தாள். தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பேருந்தில் ரோஸ்லின் ஏறிப்போன பிறகும் அவள் நிறுத்தத்திலேயே நின்றாள். இரவு ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இடைவேளையில், தெற்கு பெஞ்சின் ஓரத்தில் கலா அமர்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே ரோஸ்லின் முதுகைக் காட்டிக்கொண்டு, மா தஸினின் கைபேசிப் பக்கம் திரும்பியிருந்தாள். இறுதிப் பகுதி தொடங்கும் இசை உரக்க ஒலித்தது. கலா தன் கைபேசியைத் திறக்கவேயில்லை. லபெத் என்னும் தேயிலைச் சாலட்டைக் கிளறிக்கொண்டேயிருந்தாள்.

“ரோஸ்லின்.”

“கேக்கல. சத்தமா இருக்கு.”

“கேக்கலன்னா எப்படிடி பதில் சொல்ற?”

ரோஸ்லினின் தோள் சற்றே அசைந்தது. ஆனால் அவள் திரும்பவில்லை.

முற்றத்தில் தண்டவாளம் ஒலித்தது. கலா எழுந்தாள். வடமேற்கை நோக்கி ஓரடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏனெனில் வடமேற்கு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

தந்தமில்லாத யானை தன் மூலையை விட்டு எழுந்துவிட்டிருந்தது. ஒவ்வொரு கதையையும் பாதியிலிருந்தே பார்க்க நேர்ந்த அவமானத்தை அது இத்தனை நாளும் பொறுத்திருந்தது போலும். இறுதிப் பகுதியின் தொடக்கத்தையும் இழக்க அது ஆயத்தமாக இல்லை. நியாஸ் தன் எலியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வழிவிட்டான். நாகம் வாலை இழுத்துக்கொண்டது. புலி ஒரு கண்ணைத் திறந்து, இது திங்கட்கிழமை சம்பந்தப்பட்டதன்று என்று கண்டு மூடிக்கொண்டது. யானை வந்து, கலாவுக்கும் ரோஸ்லினுக்கும் நடுவே மிகுந்த பணிவுடன் அமர்ந்தது.

பெஞ்சு முறிந்தது. எல்லாரும் தரையில் கிடந்தார்கள். மா தஸினின் கைபேசி மட்டும் யானைக்கு அடியிலிருந்து தொடர்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தது.

ஓசை கேட்டு சயாமாஜி வந்தார்.

“இராகுவின் யானை தெற்கில் அமரக் கூடாது,” என்றார் அவர்.

யானை அவரைப் பார்த்துத் தலைவணங்கிற்று, நகரவில்லை. ஊ இராமையா வரவழைக்கப்பட்டார். அவர் தள்ளினார். நல்லையாவின் ஏணி கொண்டுவரப்பட்டது; அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. தந்தமுள்ள யானை மட்டும் சிறிது தள்ளி உட்கார்ந்து தன் இனத்துக்கு இடங்கொடுத்தது.

“சயாமாஜி,” என்று கலா எழுந்து நின்றாள். “தப்பு யானையோடது இல்ல. அதுக்குக் கூட உட்கார ஆள் வேணும். எனக்கும் வேணும். நான் போனா அது வந்துரும். ஆனா நான் போக மாட்டேன், சயாமாஜி. நீங்க என்ன பண்ணினாலும் சரி.”

ரோஸ்லின் அப்பொழுதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒழுங்கு மீறப்படுவதைச் சயாமாஜி தம் பணிக்காலம் முழுவதிலும் அனுமதித்ததில்லை. அன்றும் அனுமதிக்கவில்லை. அவர் ஏணியைச் சுவரோரம் நகர்த்தச் செய்து, தாமே ஏறி வடமேற்குப் பலகையைக் கழற்றினார். தெற்குச் சுவரில், தெற்குப் பலகைக்குப் பக்கத்திலேயே அதை நேராக அறைந்தார். ஒரு முறை தள்ளி நின்று பார்த்து, இடப்புறம் அரைவிரல் உயர்த்தினார்.

“இன்று முதல் வடமேற்கு இங்கே இருக்கிறது,” என்றார். “யானை தன் இடத்தில்தான் இருக்கிறது. கலாவும் அப்படியே. முறிந்த பெஞ்சுக்குப் பதிலாகப் பாய் விரியுங்கள்.”

அவர் சென்ற பிறகு அனைவரும் பழைய மூலையை எட்டிப் பார்த்தார்கள். அங்கே இப்பொழுது திசை எதுவும் இல்லை. நியாஸ் ஒரு சாக்குக்கட்டியை உருட்டிவிட்டான். அது மூலையை அடைந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது. அன்று பிற்பகல் தன்லியின் பேருந்து ஒன்று ஓடைக்கரைவரை வந்து வடமேற்குக்கு வழி விசாரித்ததாகவும் சொன்னார்கள்.

பாய் விரிக்கப்பட்டது. யானையின் ஒருபுறம் கலாவும் மறுபுறம் ரோஸ்லினும் அமர்ந்தார்கள். நடுவே யானையின் வயிறு ஏறி இறங்கிற்று.

“அந்த போன்ல எவ்வளவு தூரம் பார்த்த?” என்று கலா கேட்டாள்.

“பார்க்கல. காதுலதான் விழுந்துச்சு. நீ சாலட்டைக் கிளறுற சத்தத்துல ஒண்ணும் புரியல.” ரோஸ்லின் யானையின் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டினாள். “கொடு அந்த ஒயரை. இல்ல, வேணாம், கழட்டிரு. இதோட காதுக்கு அது பத்தாது.”

கலா காதொலிப்பானைக் கழற்றினாள். யானை துதிக்கையை நீட்டித் திரையைத் தொடப் போயிற்று. ரோஸ்லின் அதைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

“சும்மா இரு நீ. கலா, இன்னைக்கு வந்தத விடு. முதல் பகுதியிலேர்ந்து போடுடி. இதுக்குப் பாதிக் கதை தெரியாது.”