மதர் லியோனி செத்த ஞாயிற்றுக்கிழமை

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுகன்யா குழாயடியிலிருந்து திரும்பியபோது, பந்தலில் பெண்கள் பக்கம் ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. தண்ணீர் பிடிக்கப் போகும்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, உடம்பைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளித்தான் என்றாலும், இருந்தார்கள். இப்போது பெஞ்சில் அம்மா மட்டும் கிடந்தாள். தலைமாட்டில் ஊதுபத்திக் கட்டு ஒன்று மொத்தமாகப் புகைந்துகொண்டிருந்தது.

"எங்க மாமா எல்லாரும்?"

பாடை கட்டுகிறவர்களிடம் மல்லுக்கு நின்ற கண்ணுசாமி திரும்பிப் பார்த்தார். செத்துப்போன முத்துப்பேச்சிக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள் என்று பிறந்த ஊரான தாடிக்கொம்புச் சொந்தமெல்லாம் அந்தக் காலத்திலேயே அவளைத் தலை முழுகிவிட்டது. கட்டிக்கொண்டவனும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. காலையில் போன் போனதும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவர் இவர் ஒருவர்தான். வீட்டுப் பெண்கள் யாரும் கூட வரவில்லை.

"செத்த நேரத்துல வாரோம்னு ஒவ்வொருத்தியா எந்திரிச்சுப் போனாளுகத்தா. டீச்சர் வீட்டுல என்னமோ படமாம்."

படம் இல்லை, டிவித் தொடர். மதர் லியோனி. சுகன்யாவுக்கு அப்போதுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே உறைத்தது. ஞாயிறு மதியம் கடைசிப் பகுதி, இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக என்று அந்தச் சேனல்காரன் ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

அது ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரியின் கதை. அந்தக் காலத்தில் கப்பலேறி வந்து, மலையடிவாரத்தில் குடிசை போட்டு, தொழுநோய்க்காரர்களின் புண்ணைக் கழுவி, அவர்களோடேயே வாழ்ந்து முடிந்தவள். பேகம்பூருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்து மொத்தமும் அதில் விழுந்து கிடந்தது. மாதா படம் மாட்டிய வீடு, பிறை மாட்டிய வீடு, முருகன் மாட்டிய வீடு என்று எந்தப் பேதமும் இல்லை. மதர் லியோனிக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரமாட்டேன் என்ற ஜமீன்தாரைச் சந்துப் பெண்கள் திட்டிய திட்டில், அந்த நடிகருக்குச் சென்னையில் மூன்று நாள் புரை ஏறியிருக்க வேண்டும். மதர் ஒரு கிழவனின் விரலில்லாத கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அன்று, சந்தில் பாதி வீட்டில் சோறு பொங்கவில்லை. எல்லார் போன் ஸ்டேட்டஸிலும் அந்தக் கைதான்.

எல்லாருக்கும் மேலே விக்டோரியா டீச்சர். பெரிய டிவி அவர் வீட்டில்தான் இருந்தது. மதர் வேஷம் கட்டிய நடிகை நகைக்கடை திறக்க ஊருக்கு வந்தபோது, ரிட்டயரான டீச்சர் வெயிலில் காத்துக் கிடந்து அவள் கையில் முத்தமிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்தார். மூன்று நாள் அந்தக் கையில் சோப்புப் போடவில்லை என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

இதையெல்லாம் முத்துப்பேச்சியும் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வது தப்பு. அவள் வேலை அப்படி. சந்தில் யார் வீட்டில் கிழடுகட்டை படுக்கையில் விழுந்தாலும் பேச்சியைக் கூப்பிடுவார்கள். பீ மூத்திரம் அள்ள, படுக்கைப்புண் கழுவ, துணி அலச. பகல் முழுக்க அந்த வேலை முடித்து, ராத்திரி டீச்சர் வீட்டு வாசற்படியில் உட்காருவாள். "அங்கிட்டே உக்காரு பேச்சி, டெட்டால் வாடை அடிக்குது" என்பார் டீச்சர். டீச்சரின் அப்பா முதுகைத் துடைத்துவிட்டு வந்த டெட்டால்தான் அது. மதர் லியோனி முதல் புண்ணுக்குத் துணி கிழிப்பதற்குள் பேச்சி கதவு நிலையில் சாய்ந்து தூங்கிவிடுவாள். இதைப் பார்த்துக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் வராத கல் நெஞ்சு என்று அவளைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்புறம் அவள் காலிலேயே சர்க்கரைப் புண் வந்தது. மூன்று மாதம் படுக்கை. இரண்டு விரலை எடுத்தும் புண் நிற்கவில்லை. நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து சுகன்யா கட்டுப் பிரிப்பாள். ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. குழம்பு, வெஞ்சனம் கொடுக்க வந்தவள்கூட ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனாள். நேற்று ராத்திரி பேச்சு குழறுவதற்கு முன்னால் அம்மா சொன்னது ஒன்றுதான். "இந்த வாடையோட என்னய அனுப்பிராதடி. நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டி அனுப்பு."

எல்லாரையும் குளிப்பாட்டியவள் கேட்டது அவ்வளவுதான்.

"குழி வெட்டியாச்சுன்னு ஆள் வந்துட்டான்" என்றார் கண்ணுசாமி. "நாலு மணிக்குள்ள எடுக்கணும். பொம்பள உடம்பு. நாலு பொம்பளைகளாச்சும் சேலையை மறைப்புப் பிடிச்சாத்தான் குளிப்பாட்ட முடியும். நானா பிடிக்க முடியும்? ஆளில்லேன்னா சும்மா ரெண்டு செம்பு தண்ணியத் தெளிச்சு..."

"தெளிக்கிறதா?"

அவர் பாடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நேரம்தான் அழுகை கேட்டது. ஒருத்தி இரண்டு பேர் அழுகை இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்தி, வாய்விட்டு அழும் அழுகை. காலையிலிருந்து இந்தப் பந்தலில் சுகன்யா காத்துக் கிடந்த அழுகை அதுதான். அது டீச்சர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

குடத்தை இறக்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் மண்ணில் போனது. ஈரச் சேலையோடு அவள் சந்தைக் கடந்தாள்.

டீச்சர் வீட்டு ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். தரை முழுக்கப் பெண்கள். டிவியில் மதர் லியோனி வைக்கோலில் படுத்திருந்தாள். அவள் காலடியில் நோயாளிகள் வரிசையாக வந்து, ஒவ்வொருவராகப் பாதத்தைக் கழுவினார்கள். "எனக்கு இந்தப் பாக்கியத்தைக் கொடுங்கள் தாயே" என்று ஒருவன் கதறினான். இங்கே தரையில், "எங்கள விட்டுட்டுப் போறீகளே" என்று எவளோ கதறினாள்.

"ஏய், மறைக்காத, உக்காரு" என்றது ஒரு குரல், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சுகன்யா ஆட்களைத் தாண்டிப் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அய்யய்யோ, உசுரு போகப்போகுதுடி!"

"எங்கம்மாவுக்குக் காலைலயே போயிருச்சு."

யாரோ திரைச்சீலையை விலக்கினார்கள். வெளிச்சத்தில் எல்லா முகமும் வீங்கிச் சிவந்து கிடந்தது. காலையிலிருந்து அம்மா பக்கத்தில் ஈரமே ஆகாத முகங்கள்.

டீச்சர் சோபாவிலிருந்து எழுந்தார். "துக்கத்துல இருக்க, நான் ஒண்ணும் சொல்லல. பிளக்கை மாட்டு. முடியப்போகுது. முடிஞ்சதும் எல்லாரும் வந்துருவோம்."

"மறைப்புப் பிடிக்க ஆளில்ல டீச்சர். வாங்க."

"எனக்குப் பிரஷர் இருக்கும்மா. அந்தப் புண்ணு, அந்த வாடை எனக்கு ஒத்துக்காது."

"இம்புட்டு நேரம் டிவில புண்ணைப் பாத்து அழுதீகளே, அது என்ன சந்தனமா?" சுகன்யாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உங்கப்பாவுக்கு முதுகுல புண்ணு வச்சப்ப யாரு கழுவுனா? இந்த டிவிக்குள்ள படுத்திருக்காகளே, அவுகளா?"

"அதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுத்தேனே!" டீச்சருக்கும் சூடு ஏறியது. "மதர் லியோனி சம்பளத்துக்காடி செஞ்சாக? அவுக புனிதவதி. எதோட எதைச் சேக்குற நீ?"

"அந்த நடிகை மட்டும் சும்மாவா படுத்திருக்கா?"

தரையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த நர்கீஸ்தான் முதலில் எழுந்தாள். பிரியாணிக்கடை வீட்டு மருமகள். அவள் மாமியாரை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டதும் பேச்சிதான்.

"நானும் சம்பளந்தான் குடுத்தேன் டீச்சர்" என்றாள் நர்கீஸ். "எம் மாமியாளுக்கு நான் செய்யணும். மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுனேன். அது செஞ்சுச்சு. சம்பளம் குடுத்தா சரியாப்போச்சுன்னு நானும் மூணு மாசமா எட்டிப் பாக்கல." துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "எந்திரிங்க எல்லாரும். போவோம்."

எழுந்தார்கள். மனசோடு எழுந்தார்களா, வெட்கத்தில் எழுந்தார்களா என்று சுகன்யா பார்க்கவில்லை. அதைப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. டிவி ரிமோட்டை ஒருத்தி கையோடு கொண்டு வந்துவிட்டாள். பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெஞ்சைச் சுற்றி நாலு சேலைகள் எழுந்தன; கடைசியாக வந்த டீச்சரும் ஒரு முனையைப் பிடித்தார். பிடித்தவர்கள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். "நர்கீஸக்கா, நீங்க உள்ள வாங்க. உடம்பைத் திருப்பணும்" என்றாள் சுகன்யா. நர்கீஸ் வந்தாள். ஒரு கையைப் பிடரிக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து அம்மாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். மூக்கைச் சுளித்தாள், கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை. சுகன்யா தலையில் தண்ணீர் ஊற்றி, சீயக்காய் தேய்த்து, கழுத்து, அக்குள், முதுகு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். புண் கட்டைக் கடைசியில் பிரித்தாள். வாடை குப்பென்று கிளம்பியது. சேலைகள் நாலும் ஆடின.

கால்மாட்டில் சேலை பிடித்திருந்த விக்டோரியா டீச்சர் திரும்பினார். புண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தன் பக்கத்துச் சேலை முனையைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டிவிட்டு ஒரு எட்டு உள்ளே வைத்தார்.

"பாதத்தை நான் கழுவுறேன் சுகன்யா. எனக்கு அந்தப் பாக்கியத்தைக் குடும்மா."

சுகன்யா நிமிர்ந்தாள். சுற்றி நின்றவர்களில் ஒருத்தி விசும்பத் தொடங்கியிருந்தாள். இன்னொருத்தி, "டீச்சர்..." என்று உருகினாள். டீச்சர் முழங்கால் மடக்கக் குனிந்தார். கைகள் இரண்டும் நீண்டு, அம்மாவின் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"வேணாம் டீச்சர்."

"என்னம்மா..."

"நீங்க போயி சேலையைப் பிடிங்க."

"சுகன்யா, நான் மனசார..."

"ஒசத்திப் பிடிங்க. தெருவுல ஆம்பளைக நிக்கிறாக."

டீச்சர் நிமிர்ந்து, பின்னால் போய், சேலை முனையை வாங்கி இரண்டு கையாலும் தலைக்கு மேல் உயர்த்தினார்.

சுகன்யா அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த மூன்று விரல்களையும் தனித்தனியாகப் பிரித்து, இடுக்கில் துணி விட்டுத் துடைத்தாள். புண்ணின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய பஞ்சை, உயிரோடு இருக்கும் காலில் எடுப்பதுபோலத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்தாள். குதிகாலைத் தேய்த்தாள். அந்தக் காலை இறக்கிவிட்டு மற்றக் காலை எடுத்தாள்.

"ஆச்சாத்தா?" வெளியிலிருந்து கண்ணுசாமி கேட்டார்.

"இன்னும் ஆகல மாமா. வாடை போகல."

கால்மாட்டுச் சேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"ஒசத்துங்க டீச்சர்."

சேலை மேலே போனது. சுகன்யா கிண்ணத்தில் சீயக்காயைப் புதிதாகக் குழைத்து, அம்மாவின் தலைமுடியைப் பிரித்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள்.