பையன் தயார்

ரோவன் பிக்கெட் கோல் போட்டபோதெல்லாம் முதலில் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தவன் வேட் கொரோல்தான். கேப்டன் என்றால் அதைச் செய்துதான் ஆக வேண்டும். கட்டிப்பிடித்த அதே நேரத்தில் அவன் வயிறு பற்றி எரிந்தது வேறு கதை. ஹெல்மெட் போட்டவன் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

தண்டர் பே நகரத்தின் ஐஸ் ஹாக்கி அணிக்கு நாரைகள் என்று பெயர். அது கீழ் அணி. இங்கே தேறியவர்களைப் பெருநகரத்து மேல் அணி பொறுக்கி எடுத்துக்கொள்ளும். பொறுக்கிய பிறகு மிஞ்சியவர்கள் பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேடுக்கு முப்பத்திரண்டு வயது. சஸ்காச்சுவனில் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்து, இருபது வயதில் இங்கே வந்தவன், இன்னும் அந்தப் பேருந்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு முறை மேலிருந்து அழைப்பு வந்தது. பெட்டியும் மட்டைகளுமாக விமான நிலையம் வரை போய்விட்டான். வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. மேல் அணியில் காயம்பட்டவனுக்குச் சரியாகிவிட்டதாம், வீட்டுக்குப் போகலாமாம். கொண்டுவந்து விட்ட மனைவி டாரா காரை நிறுத்துமிடத்திலிருந்து எடுத்திருக்கக்கூட இல்லை.

ரோவனுக்குப் பத்தொன்பது வயது. கேப் பிரெட்டனிலிருந்து போன இலையுதிர் காலத்தில் வந்தான். வந்த முதல் வாரமே வேடின் வயிற்றெரிச்சலும் வந்துவிட்டது. பையன் ஸ்கேட்டில் போவதைப் பார்த்தால் பனி அவனுக்கு மட்டும் சரிவாக இருக்கிறதோ என்று தோன்றும். அதைவிடக் கொடுமை, அவன் நல்லவன். "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே சுற்றினான். வேட் தன் மட்டையில் டேப் சுற்றுகிற மாதிரியே தன் மட்டையிலும் சுற்றிக்கொண்டான். வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம், பாவி.

குறை என்று ஒன்று இருந்தது. பக் என்கிற ரப்பர் வில்லையைத் தள்ளிக்கொண்டு நடுவில் பாயும்போது ரோவன் தலையைக் குனிந்துகொள்வான். இந்த ஆட்டத்தில் அது தண்டவாளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற வேலை. எதிரே வருகிறவன் தோளைக் கொடுத்து இடித்தால் எலும்பை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் கீழ் மட்டத்தில் யாரும் தோளைக் கொடுக்கவில்லை. கொடுத்தவன் அடுத்த சுற்றில் கையுறையைக் கழற்றிவிட்டு வேடோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். குளிர்காலம் பூராவும் பையனுக்காக வாங்கிய குத்தில் வேடின் மூக்கு இரண்டு முறை திசை மாறியது. அதுதான் கேப்டனுக்கு இட்ட வேலை.

பிப்ரவரி கடைசியில் மேல் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் உடைந்தது. மறுநாளே ஆர்ஸெனோ விமானத்தில் வந்து இறங்கினார். யாரை எப்போது மேலே எடுப்பது என்பது அவர் கையில் இருந்தது. பயிற்சியைப் பார்த்தார், கோச்சோடு பேசினார், பிறகு வேடைத் தனியாகக் கூப்பிட்டு ஃபின்லாந்துக்காரர் கடைக்குப் பேன்கேக் சாப்பிடக் கூட்டிப் போனார். போகிற வழியெல்லாம் வேட் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.

"வேட், பையன் எப்படி?" என்றார் ஆர்ஸெனோ, பாகை ஊற்றிக்கொண்டே.

கட்டிய பெட்டியை வேட் மனசுக்குள்ளேயே அவிழ்த்தான்.

"நல்லா ஆடுறான்."

"அது எனக்கும் தெரியுது. மேல வந்தா தாங்குவானா, அதச் சொல்லு. கோச் இன்னும் ஒரு வருஷம் போகட்டும்ங்கிறாரு. எங்க ஆளுங்களும் அதத்தான் சொல்றாங்க. அவசரப்பட்டுத் தூக்கிட்டுப் போயி எத்தன பசங்க வீணாப் போயிருக்காங்கன்னு நீயே பாத்திருக்க."

"பையன் வரலன்னா?"

"வெளிய ஒருத்தன வாங்கிக்குவோம். அனுபவம் உள்ள ஆளா, தாட்டியா, ரெண்டு மாசம் ஓட்டுறதுக்கு."

அனுபவம் உள்ள, தாட்டியான ஆள் அவருக்கு எதிரே உட்கார்ந்து முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஆர்ஸெனோவின் கண் அவன் தலைக்கு மேலே போய்ச் சுவரில் தொங்கிய மீனைப் பார்த்தது. வேடுக்கு ஆத்திரம் வரவில்லை. அழுகை வரப் பார்த்தது. அதன் பின்னாலேயே ஒரு யோசனையும் வந்தது. அசிங்கமான யோசனைதான். ஆனால் முழுசாக, சுத்தமாக வந்தது.

மார்ச் முதல் வாரத்தோடு வெளியிலிருந்து ஆள் வாங்கும் கெடு முடிகிறது. அதற்குப் பிறகு மேலே ஓர் இடம் காலியானால் கீழ் அணியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது. பையன் வேண்டாம் என்றால் இன்றே வெளி ஆளை வாங்கிவிடுவார்கள், கதை முடிந்தது. பையன் போகட்டும். தலையைக் குனிந்துகொண்டு போகட்டும். அங்கே அவனுக்கு வேட் இல்லை. பத்து நாளில் எவனாவது தோளைக் கொடுத்துச் சாய்ப்பான், நடுங்கிக்கொண்டு திரும்பி வருவான். கெடு தாண்டியிருக்கும். அப்போது தாட்டியான, அனுபவம் உள்ள ஆளுக்கு எங்கே போவார்கள்?

"தயார்," என்றான் வேட். "பையன் தயார். இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"தலையக் குனிஞ்சுக்கிறானே?"

"இங்க யாரும் அவனத் தொடுறதில்ல, அந்தச் சோம்பேறித்தனம். மேல போனா தானா நிமிரும்."

ஆர்ஸெனோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நீ ஒருத்தன்தான் இப்படிச் சொல்ற."

"நான் ஒருத்தன்தான் தெனம் அவன் பக்கத்துல ஆடுறேன்."

வெளியே லாரி ஹாக்கலா காரை ஓட விட்டுக்கொண்டு காத்திருந்தான். அணியின் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு மாறியவன், இந்த ஊர்க்காரன், வாயைத் திறந்து தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவன். எங்கே நிறுத்தினாலும் தப்பு செய்யாமல் ஆடுவான். அதனாலேயே எவர் கண்ணிலும் படமாட்டான்.

"என்ன சொன்ன அந்தாளுகிட்ட?" என்றான் ஹாக்கலா.

"பையன் தயார்னேன்."

"நெசமாவா? போன வாரம் பார்க்கிங்ல வெச்சு, தலையத் தூக்குடா எருமை, செத்துப் போவன்னு கத்துனது யாருடா?"

"அது போன வாரம்."

"அடேங்கப்பா. ஒரு வாரத்துல தயாராயிட்டானா? ரொட்டி கூட அவ்வளவு சீக்கிரம் வேகாதே."

"வண்டிய எடு."

மறுநாள் காலையிலேயே செய்தி வந்துவிட்டது. உடைமாற்றும் அறையில் எல்லாரும் மட்டையால் தரையைத் தட்டினார்கள். ரோவன் நேராக வேடிடம் வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அண்ணே, நீங்கதான் சொன்னீங்களாமே. எல்லாரும் வேண்டாம்னாங்களாம். எங்க அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அவங்க உங்களுக்காகச் சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துறாங்களாம்."

"சரிடா, சரிடா. மூக்கத் தொடச்சுக்க," என்றான் வேட். அந்த நிமிஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைத் தூக்கிக்கொள், அங்கே நான் இல்லை என்று. நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாரைகளுக்கு ஆட்டம் இல்லை. வேடும் டாராவும் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மேல் அணியில் முதல் முறை ஆடுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி ஓட்டத்துக்கு அவனை முதலில் போகச் சொல்வார்கள். மற்றவர்கள் பின்னால் வருகிற மாதிரி வந்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பையன் அத்தனை பெரிய பனித்தரையில், அத்தனை ஆயிரம் பேர் முன்னால், தன்னந்தனியாக ஒரு சுற்று வருவான். வேடுக்கு அந்தச் சுற்று மனப்பாடம். எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே மட்டையைத் தூக்குவது என்று பன்னிரண்டு வருஷமாகப் படுக்கையில் படுத்துக்கொண்டு அவன் சுற்றி வந்திருக்கிறான்.

ரோவன் வெளியே வந்தான். பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. சிரித்தான். ஹெல்மெட் இல்லாமல், சிவந்த காதுகளோடு, சுற்றி வந்தான்.

டாரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேட் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். அங்கே அவனுக்கு எடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

இரண்டாம் பகுதியில் அது நடந்தது. ரோவன் பக்கோடு நடுவில் பாய்ந்தான், தலையைக் குனிந்தான். எதிரணித் தடியன் ஒருவன் நேராக வந்து தோளைக் கொடுத்தான். பையன் ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கமாகப் போயின.

"அப்படிப் போடு!" என்றான் வேட்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். சுத்தமான, இனிப்பான சந்தோஷம். அதை மறைக்க நேரம் கிடைக்கவில்லை. டாரா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. அந்தத் தடியனச் சொன்னேன்."

"தடியனயா?"

திரையில் பையன் முழங்காலில் எழுந்து, தாடையில் ரத்தத்தோடு, பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தான். பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டு போனான்.

மூன்றாம் பகுதியில் மறுபடி இறங்கினான். பக் அவன் மட்டைக்கு வந்தது. அதே நடுப்பாதை. அதே தடியன் எதிரே. இந்த முறை ரோவன் தலையை நிமிர்த்திக்கொண்டு போனான். தடியனைக் கண்ணுக்குக் கண் பார்த்தான், இடுப்பை இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் போனான். கோல் காப்பவன் விழுந்தபோது பக் ஏற்கனவே வலைக்குள் கிடந்தது.

ஐந்து மாதம் வேட் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுக்க முடியாததை ஒரே ஒரு இடி சொல்லிக் கொடுத்துவிட்டது. அந்த இடி பையனுக்கு இதுவரை விழாமல் பார்த்துக்கொண்டது யார்? மூக்கை உடைத்துக்கொண்டு தடுத்தது யார்? அவன்தான். பையன் எப்போதோ தயாராகியிருப்பான். வேடுடைய நிழலில் நின்றதால்தான் ஆகவில்லை. பொய் என்று நினைத்துச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அங்கே அச்சடித்த மாதிரி பலித்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்து மைக்கை நீட்டினார்கள். தாடையில் தையலோடு ரோவன் சொன்னான்: "கீழ எங்க கேப்டன் வேட் கொரோல் இல்லன்னா நான் இங்க இல்ல. அவருதான் நான் தயார்னு சொன்னாரு. எனக்கே அது தெரியாது."

"எவ்வளவு தங்கமான பையன்," என்றாள் டாரா, வேடைப் பார்க்காமல்.

மார்ச் வந்தது. கெடு முடிந்தது. ரோவன் திரும்பி வரவில்லை. பத்திரிகைகளில் அவன் படம் வந்தது, அவன் பேர் போட்ட உடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு தண்டர் பே சிறுவர்கள் பனித்தரைக்கு வந்தார்கள். வேடின் வயிற்றில் எரிச்சல் அடங்கவில்லை, வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருந்தது.

மாதக் கடைசியில் ஒரு காலை, அவன் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆர்ஸெனோ. முந்தின நாள் ஆட்டத்தில் மேல் அணியில் இன்னொருவனுக்குத் தோள் கழன்றதை வேட் தொலைக்காட்சியில் பார்த்திருந்தான். இரவு முழுக்கத் தூங்கவில்லை. டாரா கதவைத் திறந்துகொண்டு, கையில் காபியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேட், ஒரு ஆள் வேணும்ப்பா. கெடு போயிருச்சு, உங்ககிட்டருந்துதான் எடுக்கணும். நாளைக்கே ஆடணும்."

"ம், சொல்லுங்க."

"நாங்க நாலு பேர் உக்காந்து மண்டைய உடைச்சுக்கிறோம். நான் சொல்லிட்டேன், வேடக் கேப்போம்னு. பையன் விஷயத்துல நூத்துக்கு நூறு நீ சொன்னதுதான் நடந்துச்சு. தலை தானா நிமிரும்னு சொன்ன பாரு, எங்க பயிற்சிக்காரங்க எல்லாம் வாயப் பொளந்துட்டாங்க. உன் கண்ணு மாதிரி ஒரு கண்ணு எங்ககிட்ட இல்ல. சொல்லு. அங்க யாரு தயார்?"

பனிவாரியை வேட் தரையில் ஊன்றிக்கொண்டான். பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை. இனி கேட்கப்போவதும் இல்லை.

"நான்," என்றான்.

அந்தப் பக்கம் ஆர்ஸெனோ வெடித்துச் சிரித்தார். "டேய், இவன் என்ன சொல்றான் கேளுங்க. 'நான்'ங்கிறான்!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அறையே சிரித்தது. கெட்ட மனசோடு சிரிக்கவில்லை. நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்கள் சிரிக்கிற மாதிரி, மனம்விட்டுச் சிரித்தார்கள்.

வேடும் சிரித்தான். வேறென்ன செய்வது?

"வயித்த வலிக்குதுடா சாமி," என்றார் ஆர்ஸெனோ, மூச்சு வாங்கிக்கொண்டு. "சரி, இப்ப நெசமாச் சொல்லு."

"ஹாக்கலா," என்றான் வேட். "லாரி ஹாக்கலா. ரெண்டு வருஷமாவே தயார்."

"அவனா? எங்க கண்ணுலயே படலயே. சரி, நீ சொன்னா சரி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொல்ற ஆளு நீ ஒருத்தன்தான் வேட்."

ஆர்ஸெனோ போனை வைத்துவிட்டார். வாசலில் டாரா இன்னும் மூச்சை விடவில்லை.

"உன்னத்தான வரச் சொன்னாங்க?"

"இல்ல. ஹாக்கலாவ."

"யாரு அப்படி முடிவு பண்ணது?"

"நான்தான்," என்றான் வேட்.