ஐந்து பேரைத் தாண்டிய கோல்

சுயம்புலிங்கத்துக்குச் சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் பெயிண்ட் கடை. வயது அறுபது. இளவட்டத்தில் ஊர்க் கால்பந்து அணியில் இடது ஓரம் ஓடியவர். முழங்கால் போன பிறகு அந்த அணியை நடத்துகிற சங்கத்துக்குச் செயலாளராகி, இன்றுவரை அந்தப் பதவியை விடாமல் இருக்கிறார். கடைக்கு வந்த யாராவது பெலேயா, மரடோனாவா, மெஸ்ஸியா என்று வாயைக் கொடுத்துவிட்டால் போதும். கலர் கலக்குகிற மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

அவர் தீர்ப்பில் மரடோனாவுக்கு மேல் ஆள் கிடையாது. அதைச் சொல்லி முடித்ததும் தவறாமல் ஒரு வார்த்தை சேர்ப்பார். அந்த மாதிரி ஒரு ஆளோடு தானே சேர்ந்து ஆடியிருப்பதாகவும், அந்த ஆள் கடையநல்லூர் மம்மது என்றும். எண்பத்தாறாம் வருஷக் கோடையில் சிவகிரியில் நடந்த இறுதி ஆட்டத்தில், மம்மது தங்கள் பக்கத்துப் பாதியில் பந்தை வாங்கி, ஐந்து பேரை வரிசையாகத் தாண்டி, கடைசியில் கோல்கீப்பரையும் ஏமாற்றிவிட்டுப் பந்தை உள்ளே தள்ளிய கதையைக் கேட்காதவர்கள் அந்தச் சாலையில் கடை வைத்திருக்கவே முடியாது.

அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மகள் அபிஷாவுக்கு ஒரு விசித்திரமான வேலை வாய்த்திருந்தது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்காக வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஐரோப்பிய ஆட்டங்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் யாருக்குப் பந்து கொடுத்தார்கள், எங்கே தவறவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் குறிப்பது. கால்பந்தில் அவளுக்கு அப்பாவைவிட ஆர்வம் குறைவில்லை. ஆனால் கண்ணால் பார்க்காததை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதனால் இருவருக்கும் வாரம் ஒரு தடவையாவது முட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் பெலேயை மிதித்து மிதித்தே மைதானத்தைவிட்டு வெளியேற்றினார்கள், மஞ்சள் அட்டையே அப்போது கிடையாது, இன்றைக்கு மெஸ்ஸியைத் தொட்டால் விசில் ஊதுகிறார்கள் என்பார் அப்பா. அன்றைக்கு மிதித்தவர்கள் இன்றைக்குத் தடுத்தாடும் பேக்குகள் ஓடுகிற ஓட்டத்தில் பாதிகூட ஓடியிருக்க மாட்டார்கள், மூச்சுவிட இடமில்லாத ஆட்டத்தில் மெஸ்ஸி இத்தனை வருஷம் நின்றிருக்கிறார் என்பாள் மகள். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆகவே பேச்சு முடிந்ததே இல்லை.

இந்த வருஷம் சங்கத்துக்குப் பொன்விழா. ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி நடத்துவதென்றும், ஐம்பது வருஷத்தில் ஊர் அணிக்கு ஆடியவர்களிலேயே சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு கேடயம் கொடுப்பதென்றும் முடிவானது. முடிவு செய்தபோது எல்லோருக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. ஆளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோதுதான் கசப்பு தெரிந்தது. பாதிப் பேர் மம்மது என்றார்கள். இளையவர்கள் விஜயராஜ் என்றார்கள். விஜயராஜுக்கு இருபத்துநாலு வயது. மாநில அணி வரைக்கும் போய் ஆடித் திரும்பியவன், இப்போதும் ஊர் அணியின் முன்வரிசையில் நிற்பவன்.

சங்கத் தலைவர் தில்லைநாயகம், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மம்மது பக்கம். சுயம்புலிங்கம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அபிஷா கேட்டாள்.

"எப்பா, விஜயராஜ் ஆடுனதுக்கு என் போன்லயே வீடியோ இருக்கு. மம்மது மாமாவுக்கு என்ன இருக்கு? நீங்க சொல்லுத கதை மட்டும்தான இருக்கு?"

"ஏட்டி, நான் பக்கத்துல நின்னு பாத்தவன்."

"அப்போ அடிச்சவருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுருவோம்."

அவளைக் கூட்டிப்போய் மம்மது வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம் என்று அவருக்கும் தோன்றியது. மேடையில் வைக்கப் பழைய போட்டோவும் வாங்கி வரலாம். மறுநாள் காலையிலேயே இருவரும் காரில் கடையநல்லூருக்குக் கிளம்பினார்கள். புளியங்குடி தாண்டும்வரை அவர் மறுபடியும் அந்தக் கோலைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மம்மது இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சவூதியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சர்க்கரை நோய் வந்து உடம்பு மெலிந்திருந்தது. கல்யாண வீடுகளில் பார்த்துக்கொள்வார்களே தவிர, சுயம்புலிங்கம் அவர் வீட்டுப் படியேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. மம்மதுவின் மனைவி ரசீதா வட்டிலப்பமும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அபிஷாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கேடய விஷயத்தைச் சொன்னதும் மம்மதுவின் முகம் மலர்ந்தது. வேண்டாம் என்று ஒப்புக்குக்கூட அவர் சொல்லவில்லை.

"அண்ணே, அந்தச் சிவகிரி கோலை இவளுக்கு நீங்களே சொல்லுங்க. அஞ்சு பேரைத் தாண்டுனீங்கன்னா நம்ப மாட்டேங்கா."

மம்மது சிரித்தார். "அஞ்சு பேரா? ரெண்டு பேரு வே."

சுயம்புலிங்கமும் சிரித்தார், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து. மம்மது டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணாவது ஆளு என்னைய மறிச்சிட்டான். போக வழியே இல்ல. நீருதான் இடது பக்கம் கையைத் தூக்கிக்கிட்டு ஓடுனீரு. உம்மகிட்ட தள்ளுனேன். நீரு பந்தை நிறுத்தக்கூட இல்ல, ஓடுத ஓட்டத்துலயே திருப்பி எனக்கு முன்னால உருட்டி விட்டீரு. அதுக்கப்புறம் யாரு நின்னாலும் போட்டிருப்பாங்க."

"கீப்பரைத் தாண்டிப் போனீங்களே அண்ணே. அவன் கீழ கெடந்தான், நான் பாத்தேனே."

"அது கேசட்டு வே."

மம்மது மெதுவாக விளக்கினார். அந்த வருஷக் கடைசியில் அவருடைய அண்ணன் சவூதி தம்மாமிலிருந்து வீடியோ டெக்கும், உலகக் கோப்பை கேசட்டும் கொண்டுவந்தார். ஆட்டம் முடிந்தால் அணி மொத்தமும் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக இந்த வீட்டுக்கு வந்துவிடும். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த அந்தக் கோலைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் படமே கோடு கோடாகிவிட்டது. சுயம்புலிங்கம் பஸ்ஸைத் தவறவிட்டு இங்கேயே படுத்துக் காலையில் மறுபடி போட்டுப் பார்த்த நாட்களும் உண்டு என்று ரசீதாவும் சொன்னார்.

"கல்யாண வீட்டுல நீரு சொல்லும்போது நானும் கேட்டிருக்கேன். கேக்க நல்லா இருந்துச்சு. ஊரே சொல்லுது, இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுட்டேன். ஆனா உம்ம பாஸை நீரே மறந்துட்டீருன்னு நான் நினைக்கல."

சுயம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தார். சிவகிரி மைதானம் தெரிந்தது. வெயிலில் வெடித்த கரிசல் தரை தெரிந்தது. மம்மது ஓடுவது தெரிந்தது. தன் கால் பந்தைத் தொடுவது மட்டும் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் கீப்பர் விழுந்துகொண்டே இருந்தான்.

பேச்சை மாற்ற அபிஷா விஜயராஜின் வீடியோவை எடுத்துக் காட்டினாள். மம்மது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோலை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் உயரத்திலிருந்து விழுந்த பந்தை விஜயராஜ் காலில் வாங்கி அடக்கிய இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்று நான்கு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க காலத்து ஆட்டத்துல இந்தப் பையன் இருந்தா முதல் வருஷமே காலை ஒடிச்சிருப்பானுவ. இவன் காலத்துல நான் இருந்தா, ஓட மாட்டாம வெளியதான் உக்காந்திருப்பேன். இதுல எவன் பெரியவன்னு எப்படிச் சொல்லுவ மக்கா?"

எல்லாவற்றையும் எண்ணிக் குறிக்கிற அபிஷாவுக்கு அந்தக் கேள்வியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது அவள்தான் வண்டி ஓட்டினாள். நாற்பது வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்தது பொய் என்கிற கூச்சம் சுயம்புலிங்கத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று அவரை அழுத்தியது. வாழ்க்கையில் அவர் கொடுத்த மிக நல்ல பாஸ் அது. அது நடந்தது என்று தெரிந்துவிட்டது. ஆனால் அது அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

"எப்பா, மரடோனாவுக்கு அந்தப் பந்தைக் குடுத்தது யாருன்னு தெரியுமா?" என்று அபிஷா கேட்டாள்.

எத்தனையோ தடவை பார்த்த காட்சி. அவருக்குத் தெரியவில்லை. மரடோனா பந்தோடு திரும்புகிற இடத்திலிருந்துதான் அவருக்கு ஞாபகம் தொடங்கியது.

"என்ரிக்கேன்னு ஒருத்தர். நான் அவரு பேரைக் குறிச்சிருக்கேன்," என்றாள் அவள்.

அன்று மாலை ஆளை முடிவு செய்யச் சங்கம் மறுபடி கூடியபோது சுயம்புலிங்கம் நடந்ததை நடந்தபடி சொன்னார். இரண்டு பேர்தான், கீப்பர் விழவில்லை, மீதி கேசட்டில் பார்த்தது. தான் மரடோனாவையும் மம்மதுவையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் இந்தத் தேர்வில் ஓட்டுப் போடத் தகுதியில்லை என்றும் சொன்னார். தன் பாஸைப் பற்றி மட்டும் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டார். தன் புகழைத் தானே பாடுவதாகிவிடும் என்று பட்டது.

தில்லைநாயகம் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"நானும் அன்னைக்குச் சிவகிரியில இருந்தேன் வே. அஞ்சு பேருதான். எண்ணிக்கிட்டே நின்னேன்."

அடித்தவரே இரண்டு என்கிறார் என்று சுயம்புலிங்கம் சொல்லிப் பார்த்தார். மம்மது அடக்கமான ஆள், அப்படித்தான் சொல்லுவார் என்று முடித்துவிட்டார் தலைவர். இன்னொருவர் கீப்பரின் சட்டை நிறத்தைக்கூடச் சொன்னார். சுயம்புலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது, அந்தக் கதை தன் கையில் இல்லை என்று. கடை வாசலில் உட்கார்ந்து அதை ஊருக்குக் கொடுத்தது அவர்தான். இனித் திருப்பிக் கேட்டால் ஊர் தராது. ஓட்டெடுப்பில் அவர் கை தூக்கவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கேடயம் மம்மதுவுக்கு என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பிவிட்டது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் மம்மதுவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தில்லைநாயகம் மைக்கில் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தாண்ட வைத்தார், கீப்பரையும் கீழே தள்ளினார். கைதட்டல் அடங்கியதும் மம்மது மைக்கை வாங்கினார். கோல் அடித்தது உண்மைதான், ஆனால் தாண்டியது இரண்டு பேரைத்தான், பந்தைக் கொடுத்தது அதோ நிற்கிற லிங்கம் என்று கையை நீட்டிக் காட்டினார்.

கூட்டம் சிரித்தது. பெரிய மனுஷன் எப்படிப் பேசுகிறார் பார் என்று முன்னைவிட அதிகமாகத் தட்டியது. மம்மது கையை விரித்து, சுயம்புலிங்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் குஷியும் இருந்தது. விஜயராஜ் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். கேடயம் கிடைக்காத வருத்தம் அவன் முகத்தில் இல்லை. அவனுக்கு ஆட வேண்டிய ஆட்டம் இன்னும் பாக்கி இருந்தது.

ஆட்டம் மேலநீலிதநல்லூர் அணியோடு. இரண்டாம் பாதியின் நடுவில் விஜயராஜ் பேக்குகளுக்கு இடையில் புகுந்து அடித்த ஒரு கோலில் ஊர் அணி ஜெயித்தது. மம்மது நாற்காலியைவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். விசில் ஊதியதும் கூட்டம் விஜயராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைப் பக்கம் போனது.

சுயம்புலிங்கம் அவர்களோடு போகவில்லை. முழங்காலை இழுத்துக்கொண்டு இடது ஓரத்துக்கு நடந்தார். அங்கே வீரபாண்டி என்கிற ஆட்டக்காரன் தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் ஷாப்பில் வேலை பார்ப்பவன். நான்கு வருஷமாக அணியில் இருந்தும் அவனைப் பற்றிக் கடையில் ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை.

"விஜயராஜ் கோலுக்கு ஒரு பாஸ் போட்டியே," என்றார். "பாத்துத்தான் போட்டியா, இல்ல தற்செயலா?"

"பாத்துத்தான் அண்ணாச்சி. அவன் அங்கன வருவான்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

வீரபாண்டி யோசித்தான். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அவிழ்த்த பூட்ஸால் மண்ணில் ஒரு கோடு இழுத்து, பேக் இங்கே நின்றான், விஜயராஜ் தோளை இப்படிச் சாய்த்தான் என்று காட்டத் தொடங்கினான். சுயம்புலிங்கம் வலிக்கிற காலை நீட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.