திரும்பக் கூடாத வண்டி

கண்டிகையைத் தாண்டி அந்த வளைவில் திரும்பும்போதே பானட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. தனசேகர் மாமா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் என் கணவரின் அண்ணன். ஸ்டியரிங் தன் கையில் இருக்கும்வரை வண்டிக்கு எதுவும் ஆகாது என்று நம்புகிறவர். சூடு காட்டும் முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டு நிற்பது பின்சீட்டிலிருந்த என் கண்ணுக்கே தெரிந்தது. ஓரங்கட்டச் சொன்னேன். முன்சீட்டில் இருந்த மாமனார் சுப்பராயலு திரும்பாமலே கையை மட்டும் அசைத்தார், நல்ல காரியத்துக்குப் போகும்போது வாயை வைக்காதே என்று அதற்கு அர்த்தம். வளைவு முடிகிற இடத்தில் இன்ஜின் தானாகவே ஓய்ந்தது. அங்கே தாருக்கும் மண்ணுக்கும் நடுவே முழங்கால் அளவு பள்ளம். ஓரமாக இறக்க வழியில்லாமல் வண்டி பாதி சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.

முடிச்சூரிலிருந்து கேளம்பாக்கத்துக்குச் சீர் கொண்டு போய்க்கொண்டிருந்தோம். நாத்தனார் ஜோதிலட்சுமிக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டுகள் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கிவிட வேண்டும். டிக்கி முழுக்கத் தட்டுகள்தான். பழம், வளையல், பட்டு, பலகாரம் என்று அடுக்கி, மேலே மஞ்சள் துணி போட்டு மூடி, கடைசியாக மல்லிகைப் பந்து வைத்த தட்டை நானே ஏற்றினேன். என் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சீர்த்தட்டு பிறந்த வீட்டில் ஏறினால் புகுந்த வீட்டில்தான் இறங்க வேண்டும். நடுவழியில் தரையில் படக்கூடாது. வண்டி பின்னால் திரும்பவும் கூடாது. ஜோதிக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்திலேயே கலைந்துபோனதால் அந்த வழக்கம் இப்போது சட்டமாகவே ஆகிவிட்டிருந்தது. மாமியார் கிளியம்மாள் இந்த வளைகாப்புக்காக வேண்டாத கோயில் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் இல்லை.

வண்டி நின்றதும் நான் முதலில் சொன்னது, எல்லாரும் இடதுபக்கமாக இறங்கி மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கலாம் என்பதுதான். பின்னால் வளைவு. வருகிறவனுக்கு நாங்கள் நிற்பது கடைசி நொடிவரை தெரியாது. மாமியார் இறங்கினார். மாமனார் இறங்கவில்லை. மடியில் தேங்காய்த் தட்டு இருந்தது, அதோடு வெயிலில் நிற்க முடியாதாம். நான் முன்னால் எட்டி, நான்கு மூலையிலும் விளக்கு மினுக்கும் அந்த பட்டனை அழுத்தினேன். பேட்டரி இறங்கிவிடும் என்று தனசேகர் மாமா அதை அணைத்தார். மறுபடி அழுத்தினேன். மறுபடி அணைத்தார். படித்த மனுஷர், சொந்தமாக இரண்டு கடை வைத்திருக்கிறவர், அரைப் படி பேட்டரிக் கரண்டுக்காகப் பெற்ற அப்பாவை லாரி வருகிற வழியில் விளக்கில்லாமல் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கிற சிவப்பு முக்கோணத்தை எடுத்து வளைவுக்கு அந்தப் பக்கம் வைக்கும்படி என் கணவர் தினகரனிடம் சொன்னேன். வண்டியோடு வந்த முக்கோணம் அது. புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், அதோடு சரி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டிக்கியின் அடியில் கிடந்தது. கதவோரம் வையுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தினகரன் டிக்கியைத் திறந்து பார்த்தார். அதை எடுக்க வேண்டுமென்றால் தட்டுகளை இறக்க வேண்டும். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டக்கூட இல்லை, சும்மா பார்த்தார். டிக்கியை மூடிவிட்டார்.

பக்கத்தில் பிளாட் போட்ட ஒரு மனை இருந்தது. எல்லைக்கல் நடுவதற்காகக் கொண்டுவந்து போட்ட கருங்கற்கள், தலையில் மஞ்சள் பெயின்ட்டோடு, வேலியோரம் குவிந்து கிடந்தன. அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்கள். முதலில் உடைந்த துண்டுகளாக இரண்டைத் தூக்கி வந்தார்கள். பிறகு ஒரு முழுக்கல்லை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, வண்டிக்குப் பின்னால் சாலையில் குறுக்காகப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு வேப்பங்கிளையையும் செருகி வைத்தார்கள். எங்கே வண்டி நின்றாலும் நம் ஊரில் இதைத்தான் செய்கிறோம். இனி எவனும் மோத மாட்டான் என்று தனசேகர் மாமா கையைத் தட்டிக்கொண்டார். மாமனார் ஜன்னல் வழியாக அந்த மனையைப் பார்த்து, இங்கெல்லாம் இப்போது கிரவுண்டு என்ன விலை போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தம்பி வெற்றிவேல் இப்படி ஒரு கல்லின் மேல்தான் பைக்கோடு ஏறினான். பொத்தேரியில் செல்போன் கடையில் வேலை முடித்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எவனோ ஒருவன் வண்டி நின்றிருக்கிறது. எவனோ கல் வைத்திருக்கிறான். வண்டி சரியானதும் ஏறிப் போய்விட்டான், கல் அங்கேயே கிடந்தது. தம்பி ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தங்கியது. இன்றைக்கும் அவன் வலது கை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அக்கா என்று வாயில் வராது, வெறும் 'க்கா'தான். அம்மா அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். போலீசில் கேட்டபோது யார்மேல் கேஸ் எழுதுவது என்று திருப்பிக் கேட்டார்கள். யாரோ. அந்த யாரோவை நான் இத்தனை நாளும் மனசுக்குள் திட்டாத திட்டில்லை. குடிகாரன் என்று நினைத்தேன், பொறுக்கி என்று நினைத்தேன், பாவ புண்ணியம் பார்க்காத ஒரு முகத்தை நானே உண்டாக்கி வைத்திருந்தேன். அதைக் காறித் துப்பிக்கொண்டுதான் தூங்கப் போவேன்.

அதற்குள் தனசேகர் மாமா துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்று நான் கத்தியதும் தினகரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறட்டும் என்று காத்திருந்தோம். அந்த நேரத்தில் வளைவிலிருந்து வந்த வண்டிகளெல்லாம் பிரேக்கைத் தேய்த்து, ஹாரனை அலறவிட்டு, எங்களைத் திட்டிக்கொண்டே விலகிப் போயின. தண்ணீர் போகிற ஓஸின் பிடி நழுவியிருந்தது, வேறொன்றுமில்லை. தினகரன் அதை முறுக்கி, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றினார். இன்ஜின் முனகி, இருமி, கிளம்பியது. எல்லார் முகத்திலும் வெளிச்சம். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேரமாகிறது, ஏறு ஏறு என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள்.

"கல்லை எடுத்துட்டுப் போலாங்க," என்றேன்.

தினகரன் ஏற்கனவே உள்ளே இருந்தார். "ஏறு ஹேமா. யாராவது எடுத்துப் போட்டுருவாங்க."

அவர் என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் ஏறிவிட்டேன். கதவு சாத்திக்கொண்டது, வண்டி நகர்ந்தது. பின்கண்ணாடியில் மஞ்சள் தலையோடு அந்தக் கல் சின்னதாகிக்கொண்டே போனது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரோவுக்கு முகம் கிடைத்துவிட்டது. அவன் குடிகாரன் இல்லை. பட்டு வேட்டி கட்டியிருக்கிறான், நெற்றியில் விபூதி வைத்திருக்கிறான், தங்கச்சியின் வளைகாப்புக்குப் போகிறான். என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் மணி பார்க்கிறான். அவனோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். தனசேகர் மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை. மாமியார் என் தொடையில் கை வைத்தார்.

"சீர் எடுத்துகினு போற வண்டி திரும்பக் கூடாதும்மா. வயித்துப் புள்ளக்காரிக்கு ஆவாது. உனக்குத் தெரியாதா?"

"வண்டி திரும்ப வேணாம் அத்தை. நிக்கட்டும். நான் இறங்கிக்கிறேன். எந்தம்பிக்குக் கல்லைப் போட்டவனும் இப்படி ஒரு நல்ல காரியத்துக்குத்தான் போயிருப்பான்."

மாமனார் மெதுவாக, என்னமோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"அவன் ஸ்பீடா வந்தான்மா. அதுக்கு நாம இன்னா பண்றது?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதைத்தான் சொன்னார். தம்பிக்குத் தலையில் தையல் பிரித்த அன்றும் இதைத்தான் சொன்னார். தீபாவளிக்குத் துணி கொடுக்க வந்தபோதும், அவன் காது கேட்கவே இதைத்தான் சொன்னார். மரியாதைக்காக ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த முறை குனியவில்லை. கதவுப் பிடியை இழுத்தேன். ஓடுகிற வண்டியில் கதவு திறந்துகொண்டது, காற்று உள்ளே அடித்தது, தனசேகர் மாமா வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தார். இறங்கிவிட்டேன்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் ஓரமாகவே வளைவை நோக்கி ஓடினேன். புது செருப்பு கடித்தது, கழற்றிக் கையில் எடுத்தேன். தார் சூட்டில் மண்ணும் கொதித்தது. நான் பாதி தூரம் போவதற்குள் ஒரு ஸ்கூட்டர் வளைவிலிருந்து வந்தது. ஓட்டியவன் பின்னால் ஒரு பெண், அவள் மடியில் கைப்பிள்ளை. கல்லுக்கு ஒரு சாண் முன்னால் பார்த்திருப்பான். வண்டி இடப்பக்கம் படுத்து, வலப்பக்கம் படுத்து, எப்படியோ நிமிர்ந்துகொண்டது. என்னைக் கடந்து போகும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர்கள் நிற்கவில்லை, திட்டவும் இல்லை. இந்த ரோட்டில் இது சகஜம்தானே.

உடைந்த துண்டுகள் இரண்டையும் உருட்டிப் பள்ளத்தில் தள்ளினேன். முழுக்கல் அசையவில்லை. இரண்டு ஆம்பிளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கிவந்த கல். குனிந்து தள்ளினேன், உட்கார்ந்து காலால் உதைத்தேன். விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். கைவளையல்களில் பாதி நொறுங்கிச் சாலையில் சிதறின. ஜோதிக்காக நேற்று நானும் போட்டுக்கொண்ட வளையல்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் கனமான வண்டி ஒன்று கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

சாலையில் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தம்பி விழுந்ததிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். என்ன ஆனாலும் ஓரத்துக்கு வந்துவிடு, சாமான் போனால் போகட்டும், நீ நிற்காதே என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் யாரும் இந்தக் கல்லை இங்கே போட்ட வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இல்லை. வேப்பங்கிளையை எடுத்துக்கொண்டு வளைவு வரைக்கும் ஓடி, வெள்ளைக்கோட்டின் மேல் நின்று ஆட்டினேன். அரக்குப் புடவை, தலையில் பூ, கையில் வேப்பிலை. பார்ப்பதற்கு எப்படி இருந்திருக்குமோ தெரியாது. தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் பிரேக் போட்டு, டேங்கிலிருந்த தண்ணீர் மேலே தளும்பிச் சிதற, என்னை ஒட்டி விலகிப் போனார்.

"வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். வீடே கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து ஒரு பஸ், பிறகு இரண்டு கார்கள், பிறகு பைக்குகள் கூட்டமாக. ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, என்னைப் பார்த்து, கல்லைப் பார்த்து, சுற்றிக்கொண்டு போனார்கள். இறங்கி ஒரு கை கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளையில் இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் வெறும் குச்சியைத்தான் ஆட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு யார்மேல் கோபம் என்பதுகூடக் குழம்பிவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

வண்டிகள் ஓய்ந்த ஒரு இடைவெளியில் திரும்பிப் பார்த்தேன். வளைவுக்கு அப்பால் நேர்ச்சாலையில் எங்கள் வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முகங்கள் தெரியாத தூரம். மாமியாரின் பச்சைப் புடவை மட்டும் மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தது, தலையில் கை வைத்திருப்பதுபோல் இருந்தது. நான்கு மூலையிலும் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன.

டிக்கி மேலே எழும்பியது, அடியில் முக்கோணம் கிடக்கிற டிக்கி. வெள்ளை வேட்டிகள் அதன் அருகே நின்றன, எது யார் என்று தெரியவில்லை. ஒரு தட்டு வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்த கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு அது ரோட்டோர மண்ணில் இறங்கியது. அடுத்த தட்டு. அடுத்தது. என்னைத் தாண்டிப் போன ஒரு பஸ் அவர்களையும் தாண்டிப் போனது. அது கிளப்பிய காற்றில் தட்டுகளின் மஞ்சள் துணி விரிந்து எழும்ப, யாரோ ஒருவர் குனிந்து, கீழே தேடி, ஒரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தார்.