ஏழுக்குப் பிறகும் ஏழு

என் வீட்டுக்காரர் சாவதற்கு முன் கேட்டது ஒரே ஒரு அதிகாரம். பைபிளில் கேட்டிருந்தால் அடுப்படியில் நின்றபடியே ஒப்பித்திருப்பேன். இவர் கேட்டது பச்சை அட்டை போட்ட ஒரு பழைய புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தை.

அவர் பாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பீரோ நிறையப் புத்தகம். எல்லாம் உலக யுத்தம் முடிந்த கையோடு எழுதினவை: சிலுவையைப் பற்றி, கிருபையைப் பற்றி, ஜெபத்தைப் பற்றி, ஒவ்வொன்றும் செங்கல் கனம். வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பீரோவைச் சபித்திருக்கிறேன். பாஸ்டர் மனைவி சபிக்கக்கூடாதுதான். ஆனால் தூக்கினது நான்.

பச்சை அட்டையை எழுதியவர் இறையியல் கல்லூரியில் இவருடைய ஆசிரியர். வெயிலோ மழையோ கையில் குடையோடுதான் நடப்பாராம், அதனால் மாணவர்கள் வைத்த பெயர் குடை வாத்தியார். நாம் கதறும்போது கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதுதான் புத்தகத்தின் விஷயம். மொத்தம் எட்டு அதிகாரம், பரீட்சைக்கு முதல் ஐந்து. அந்தக் கல்லூரியில் படித்த எல்லாப் பாஸ்டர் வீட்டிலும் அந்தப் புத்தகம் இருக்கும். ஐந்து வரைக்கும் பென்சில் கோடு இருக்கும். அதற்குப் பிறகு பக்கங்கள் புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கும்.

எங்கள் மகள் இருபத்தாறு வயதில் போனாள். தலைவலி என்று படுத்தவள், மூளையில் இரத்தம் கசிந்து எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சபையே முழங்கால் போட்டது. இவர் தரையில் நெற்றியை வைத்து அழுத அழுகையை நான் வேறு எந்த ஆணிடமும் கேட்டதில்லை. பதில் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் பிரசங்கம் பண்ணினார். சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மட்டும் சொன்னார்.

"வாய் மட்டும்தான் பேசுது. உள்ள ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் பச்சை அட்டையை எடுத்து ஆறையும் ஏழையும் படித்தார். ஏழாவது முழுக்கக் கடவுளின் மௌனம். படித்துவிட்டு, "மனுஷன் அனுபவிச்சு எழுதியிருக்காரு" என்றார். அதன் கடைசி வரி, 'இந்த மௌனம் எவ்வாறு முடிகிறது என்பதை அடுத்த அதிகாரத்தில் காண்போம்.' பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் ஏழாவது. அதே எழுத்து, அதே பக்க எண். பொருளடக்கத்தில் மட்டும் 'எட்டு: மௌனத்தின் முடிவு' என்று ஜம்மென்று இருந்தது.

"பைண்டிங் பண்ணவன் தூங்கிட்டான் போல" என்று சிரித்தார். மகள் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேறு பிரதி வாங்கிப் படிக்க வேண்டியதுதானே என்று எத்தனையோ தடவை நச்சரித்தேன்.

"எட்டுன்னு ஒண்ணு இருக்குங்கிற தைரியத்துலதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். அதையும் படிச்சு முடிச்சுட்டா அப்புறம் எதை வெச்சு ஓட்டுறது?" என்பார்.

பிறகு ஈரல் கெட்டது. வாழ்நாளில் பாட்டிலைத் தொடாத மனுஷனுக்கு! டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, வாரக்கணக்குதான் என்றார். புதுப் பாஸ்டர் அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொண்டுவந்தார். நல்ல பையன், பாட்டுதான் கொஞ்சம் மூக்கால் பாடுவார். இவர் அப்பத்தைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"தம்பி, இத்தனை வருஷம் பொய்யாக் குடுத்துட்டேன். பொய்யா வாங்க மாட்டேன். எட்டைப் படிச்சுட்டுச் சொல்றேன்."

பாஸ்டர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். இவர் அதை வாங்காமல் கண்ணை மூடிவிட்டால், பரலோகத்தில் மகளை நான் மட்டும்தான் போய்ப் பார்ப்பேனா? 'அப்பா எங்கம்மா' என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? எனக்குத் தெரிந்த இறையியல் அவ்வளவுதான்.

தேட ஆரம்பித்தேன். முதலில் இவருடைய வகுப்புத் தோழருக்குப் போன் போட்டேன். பெரிய கூட்டங்களில் பேசிப் பேர் வாங்கியவர், கூட்டாளிகள் நடுவே அவர் பெயர் புயல்.

"எட்டாவதா? அடடா, அது அருமையான அதிகாரமாச்சே பாஸ்டரம்மா! அதை வெச்சே எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. புஸ்தகத்தை எடுத்து மொதல் வரிய மட்டும் படிங்க, எழுதிக்கிறேன்."

செருப்புச் சத்தம் போயிற்று, வந்தது. பக்கம் புரளும் சத்தம். மறுபடியும் பக்கம் புரளும் சத்தம்.

"பாஸ்டரம்மா... இதுலயும் ஏழுதான் ரெண்டு தடவை இருக்கு."

புயல் கரையைக் கடந்துவிட்டது. இன்னும் நாலு பேரைக் கேட்டேன். எல்லோர் வீட்டிலும் ஏழுக்குப் பிறகு ஏழு. கல்லூரி நூலகத்தில் மூன்று பிரதி, மூன்றும் அப்படியே. இத்தனை பாஸ்டர்கள், இத்தனை வருஷம், ஒரு ஆள் கண்ணிலாவது படவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூலகத்தில்தான் குடை வாத்தியாருடைய மகளின் விலாசம் கிடைத்தது.

இரண்டு பஸ் மாறிப் போனேன். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் குடை மாட்டியிருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எட்டாவது அவர் எழுதவே இல்லம்மா."

"எழுதலையா?"

"ஏழு முடிச்சு அச்சுக்குக் குடுத்திருந்தாரு. அப்பதான் எங்கம்மா போனாங்க. மூணாவது பிரசவம், புள்ளையும் தங்கல. நான் சின்னப் பொண்ணு. ராத்திரியெல்லாம் எழுதுவாரு, காலையில கிழிச்சு அடுப்புல போடுவாரு. பொருளடக்கம் முன்னாடியே அச்சாகிடுச்சு, காலேஜ் தொறக்கிற நாளும் வந்துடுச்சு. கடைசில பிரஸ்ல போய், ஏழையே இன்னொரு தடவை அடிச்சுச் சேர்த்துடுங்கன்னுட்டாரு. பாக்குறவங்க அச்சுக்காரன் தப்புன்னு நெனச்சுக்குவாங்கன்னு."

அந்த அம்மா வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"யாராவது கேட்டு வந்தா உண்மையைச் சொல்லிடறேன்னு சொல்லுவாரு. வாசல்ல சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பாரு. சாகிற வரைக்கும் பார்த்தாரு. ஒருத்தர்கூட வரலம்மா. நீங்கதான் மொதல்ல வந்திருக்கீங்க."

"அவரு... கடைசில ஜெபம் பண்ணாரா?"

"நாங்க பக்கத்துல இருந்தாப் பண்ணுவாரு" என்றார். அவ்வளவுதான். படி இறங்கும்போது அந்தச் செத்த மனுஷனைக் கண்டபடி திட்டினேன். ஓயாமல் அழுகையும் வந்தது.

பஸ்ஸில் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். 'எட்டாவது இருக்குங்க, நாளைக்குத் தர்றேன்னாங்க.' சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் இவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகச்சவரம் முடித்திருக்கிறார். துவைத்த சட்டை. மூக்கில் கண்ணாடி. மேஜையில் இடம் ஒழித்துத் திருவிருந்துக்கு மூடின தட்டும் சின்னக் கிண்ணமும் வைத்திருந்தது, பாஸ்டரையும் வரச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்.

"கிடைச்சுதா?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. முடிந்திருக்க வேண்டும். இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

இவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாவம், வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரா" என்றார். "அஞ்சோட நிறுத்திட்டோம். நான் மட்டும் அப்பவே ஏழைத் தாண்டியிருந்தா ஓடிப்போய்க் கேட்டிருப்பேன்."

பிறகு பச்சை அட்டையும் பென்சிலும் கேட்டார். ஏழின் கடைசி வரியை இரண்டு இடத்திலும் அடித்தார். கோடு கோணலாகப் போயிற்று.

"ஏங்க, எனக்காக வாங்கிக்கோங்க. நம்ம புள்ளைக்காக" என்று காலைப் பிடித்தேன். பாஸ்டர் முன்னால் இருக்கிறாரே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"உனக்காக என்ன வேணும்னாலும் செய்வேன். இது மட்டும் வேணாம், விடு" என்று என் தலையைத் தடவினார். "தம்பி, எடுத்துக்கிட்டுப் போங்க."

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

அடக்க ஆராதனையில் சபை நிரம்பி வழிந்தது. பேசுவதற்குப் புயல் வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார், கையில் பச்சை அட்டை. என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"நம்முடைய ஆசிரியர் தமது எட்டாம் அதிகாரத்திலே எவ்வளவு அழகாகச் சொல்லுகிறார்! தேவனுடைய மௌனம் முடிவானதல்ல. நம் சகோதரர் அந்த நிச்சயத்தோடேதான் கண்களை மூடினார்!"

கூட்டமே ஆமென் என்றது. நானும் சொன்னேன். வாய்தான் சொன்னது.