வாசற்காலுக்கு அடியில்

விடிந்ததிலிருந்து கமலாத்தாள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கோர்ட்டு கமிஷனர் வருகிற நாள். வடகரப்பதியில் அந்த ஓட்டு வீட்டைக் கட்டியது மாரப்பன் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த மாரப்பன் என்பதுதான் வழக்கு. தாத்தா பேரைத் தலைப்பேரனுக்கு வைக்கிற குடும்பம். கட்டியது தாத்தா என்றால் வீடு பங்குக்கு வரும். கொழுந்தன் மகன் கருப்புசாமி விற்றுவிடுவான். பேரன் என்றால், அவர் மனைவி கமலாத்தாள் கடைசிவரை இருக்கலாம். அவள் வாழவந்தபோது வீடு நின்றுகொண்டிருந்தது. ஒரு மாதமாக ஊரெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டாள். உத்தரத்தில் செதுக்கியிருந்ததும் வெறும் ‘மாரப்பன்’தான்.

கமிஷனராக வந்த சித்தூர் வக்கீல், “வீடு கட்டினது யாரும்மா?” என்றார்.

“அவங்கதானுங்க.” சுவரில் மாலை போட்டிருந்த புருஷன் படத்தைக் காட்டினாள்.

“பேரைச் சொல்லணும்.”

கருப்புசாமி சிரித்தான். “பெரியம்மா வாயில அது வராதுங்க. பெரியப்பன் பேரும் அதான், அவரு தாத்தன் பேரும் அதான். ரெண்டையும் நானே சொல்லீர்றனுங்க. மாரப்பன், மாரப்பன். வேணுங்கறத எடுத்துக்குங்க!”

“தாத்தா எப்போ செத்தார்?”

“தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருசத்து வெசக்காய்ச்சல்லீங்க.” அதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு.

வக்கீல் பேனாவை மூடினார். கமலாத்தாள் போய் வாசற்காலில் கை வைத்தாள்.

“வாசக்காலைக் கழட்டுங்க” என்றாள். “அடியில காசு போட்டுத்தான நட்டிருப்பாங்க. காசுல வருசம் இருக்குமில்லீங்க.”

“குடியிருக்கற ஊட்டு வாசக்காலையா? வெளங்குமா பெரியம்மா?”

“நீ வித்தா, வாங்கறவன் அதப் புடுங்காம கும்புட்டுட்டு இருப்பானாக்கும்?”

ஆள் விட்டுக் கூப்பிட்ட கொத்தனார் வந்து கடப்பாரை போட்டார். மண்ணுக்குள்ளிருந்து விக்டோரியா ராணி தலை போட்ட காசு வந்தது.

“தாத்தன் காசு!” என்று கத்தினான் கருப்புசாமி. கமலாத்தாள் குழியருகே குனிந்தாள்.

“பொறுங்க, இன்னொண்ணு இருக்குது” என்றார் கொத்தனார். காலணா. வக்கீல் துடைத்துப் படித்தார்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திநாலு.

“பழைய ஊட்டு வாசக்காலைக் கொண்டாந்து நட்டிருக்கறாங்க. அப்பிடி நட்டா, அதனோட காசும் கூடவே வரோணும்” என்றார் கொத்தனார். முப்பத்திநாலில் தாத்தா உயிரோடு இல்லை. கட்டியது பேரன்தான்.

வக்கீல் எழுதிக்கொண்டு போனார். வாசற்கால் இருந்த இடத்தில் காற்று உள்ளே வந்து போனது. கமலாத்தாளுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வாசற்காலைத் திரும்ப நட, குடும்பத்து ஆண்பிள்ளை கை வைத்துப் பிடிக்க வேண்டும். அவளுக்குப் பிள்ளையில்லை.

“ஏப்பா கருப்புசாமி, வாசக்காலு புடிக்க ஆளு வேணுமே.”

“தோத்தவனே வந்து புடிக்கோணுமா?”

“எனக்கு வேற ஆரு இருக்கறா?”

கருப்புசாமி சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளினான். கொஞ்ச தூரம் உருட்டிப் போனவன் நின்றான்.

“நல்ல நாள் எதுன்னு காலண்டர்ல பாருங்க” என்றான், திரும்பாமலே.

காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, அந்த மொட்டை வாசலைத் தாண்டி உள்ளே ஓடினாள் கமலாத்தாள்.