இடம் மாற்றி எழுதிய பக்கம்

அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே ஓர் ஆண்டு மலர் வந்துகொண்டுதான் இருந்தது. வழவழப்பான தாளில் தாளாளரின் படம் ஆறு, முதல்வரின் படம் நான்கு. நடுவே இடம் மிஞ்சினால் மாணவர்கள் எழுதிய கவிதை இரண்டு, அதுவும் மரம் வளர்ப்பதைப் பற்றி. அதைப் பார்த்து வயிறெரிந்துதான் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியும் அவளுடைய அறைத்தோழியும் தாங்களே ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். நான்கு பெரிய தாளை இரண்டாக மடித்தால் பதினாறு பக்கம் வரும், நடுவில் இரண்டு பின் அடித்தால் வேலை முடிந்தது. பெயர் யோசிக்கப் பொறுமையில்லாமல் 'பதினாறு பக்கம்' என்றே வைத்துவிட்டார்கள்.

தொடங்கியவளை எல்லாரும் எடிட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டிலிருந்து பேசும் அம்மாகூட, "என்ன எடிட்டர் மேடம், சாப்பிட நேரம் இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பாள். தோழி படம் போடுகிறவள். எந்நேரமும் காதில் ஒரு பென்சில் இருக்கும், ஆகவே பென்சில். விடுதியில் துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில், கால் உடைந்த கட்டில்களைப் போட்டு வைக்கிற ஓர் அறை இருந்தது. அதுதான் அலுவலகம்.

பத்திரிகைக்கு ஒரே ஒரு சட்டம். யார் எழுதினார்கள் என்று வெளியே தெரியக்கூடாது. பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதுமா? வார்டனைத் திட்டி எழுதினால் எந்த மாடி என்று பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். அதனால் எடிட்டர் ஒவ்வொரு கட்டுரைக்கும் வேஷம் கட்டுவாள். மாடியை மாற்றுவாள், கிழமையை மாற்றுவாள், அக்காவைத் தம்பியாக்குவாள், மழையை வெயிலாக்குவாள். அப்பா குடிப்பதைப் பற்றி ஒருத்தி எழுதியதை மாமாவாக மாற்றி, மாமாவுக்கு ஒரு மீசையும் வைத்து அச்சிட்டபோது, எழுதியவளே வந்து, "யாரோட மாமாடி அது, பாவம்!" என்று கேட்டாள். அன்றைக்கு எடிட்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை. இந்தக் காரியத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவளுக்கு அன்றே வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

மூன்றாம் இதழுக்கு ஆய்வு மாணவி ஒருத்தி மூன்று தாள்களைக் கொண்டுவந்தாள். எடிட்டரை விட ஐந்து வயது மூத்தவள். வேதியியல் துறைத்தலைவரிடம் ஆய்வு செய்கிறவள். நான்கு வருட உழைப்பு அவர் போடும் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. எல்லாரும் போடுகிற பெட்டியில் போடப் பயந்து, துவைத்த துணி வாளிக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்தாள்.

"படிச்சுட்டு என்னை ஒண்ணும் கேட்காத. கேட்டா அழுதுடுவேன்," என்றாள்.

எடிட்டர் படித்தாள். வியாழக்கிழமைதோறும் மற்றவர்களை அனுப்பிவிட்டு ஆய்வுக்கூடத்தின் கதவு உள்ளிருந்து தாழிடப்படுவது. "உன் அத்தியாயத்தைப் பார்க்கலாமா?" என்று ஒரு குரல். தோளில் வந்து விழும் கை. அந்த நேரத்தில் அவள் எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடிக் குடுவைகளை எண்ணுவாளாம். நாற்பத்தொன்று. ஒவ்வொரு வியாழனும் நாற்பத்தொன்றுதானா என்று சரிபார்ப்பாளாம்.

"அக்கா, நாம புகார் கொடுக்கலாம்."

"யார்கிட்ட? புகார் குழுவுக்கே அவர்தான் தலைவர். எனக்கு அது வேண்டாம். நடந்தது நடந்ததுன்னு எங்கேயாவது அச்சுல இருக்கணும். அவ்வளவுதான். நீ எப்படி வேணா மாத்திக்கோ, ஆனா நான்னு தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

எடிட்டர் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். ஆய்வுக்கூடம் என்று எழுதினால் அங்கே இருப்பது மூன்றே பெண்கள், நொடியில் தெரிந்துவிடும். பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து போகிற இடம் வேண்டும். நூலகம்! தினமும் நூறு பேராவது வருகிறார்கள், அந்த நூறில் இவளை யார் தேடிப் பிடிக்கப் போகிறார்கள்? குடுவைகளை அலமாரிகளாக்கினாள். அத்தியாயத்தை, திருப்பித் தர மறந்த ஒரு புத்தகமாக்கினாள். வியாழன் சனியானது. கதவைத் தாழிடுகிறவருக்கு உயிர் வரவில்லை என்று தோன்றவே, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் ஒரு மூக்குக் கண்ணாடியையும், இடுப்பில் கிணுகிணுக்கும் ஒரு சாவிக்கொத்தையும் கொடுத்தாள். பிரமாதமாக வந்திருப்பதாகப் பென்சில் சொன்னாள். எடிட்டருக்கும் அப்படித்தான் பட்டது.

நூலகத்துக்கு வருகிறவர்கள் நூறு பேர். ஆனால் அங்கே வேலை பார்க்கிற ஆண் ஒரே ஒருவர்தான். அவருடைய கண்ணாடிக்குக் கயிறு உண்டு. அவர் இடுப்பில்தான் சாவிக்கொத்து கிணுகிணுக்கும். புத்தகத்தில் தேதி முத்திரை குத்துவதால் முத்திரை அண்ணன் என்று பெயர். எடிட்டருக்கு விதிப்படி மூன்று புத்தகம் என்றால் ஐந்து கொடுத்து, "யார்கிட்டயும் சொல்லாத பாப்பா," என்கிற மனிதர். எழுதும்போது அவரை அவள் நினைக்கவே இல்லை. எங்கேயோ பார்த்த கயிறும் எங்கேயோ கேட்ட சாவியும் தானாக வந்து விழுந்தன. அவற்றைத் தன் கற்பனை என்றே அவள் நம்பினாள்.

இதழ் திங்களன்று வந்தது. ஆய்வு மாணவி குளியலறையில் தாழிட்டுக்கொண்டு பன்னிரண்டாம் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டு வந்து, எடிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நிம்மதியா மூச்சு விடறேன்," என்றாள். எடிட்டரும் அழுதாள். பத்திரிகை நடத்துவதென்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

புதனன்று முத்திரை அண்ணனின் மேசைமேல் யாரோ சிவப்பு மையைக் கொட்டியிருந்தார்கள். வியாழனன்று பையன்கள் இருபது பேர் நூலக வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினார்கள். அதில் பத்துப் பேர் நூலகத்துக்குள் அதுவரை காலெடுத்து வைக்காதவர்கள். வெள்ளிக்கிழமை ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததில் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அன்று மாலையே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரணை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

எடிட்டர் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் நூலகத்தின் பின்படியில் தன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவளை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று.

"பாப்பா, நீயா? நீதானே அந்தப் பத்திரிகை நடத்தற? எழுதின பொண்ணு யாருன்னு நான் கேட்கமாட்டேன். நான் என்ன செஞ்சேன்னு மட்டும் அதுகிட்ட கேட்டுச் சொல்லேன்."

"அண்ணே..."

"மூணு நாளா யோசிக்கறேன். மேல் அலமாரியில புத்தகம் எடுக்கறப்போ கை பட்டிருக்குமோ? சனிக்கிழமை சீக்கிரம் பூட்டினப்போ உள்ள யாராவது இருந்தாங்களோ? தெரியாம ஏதாவது நடந்திருந்தா கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். என் பொண்டாட்டி என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறா. பொண்ணு பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு படுத்துக்கிட்டா."

அந்த மனிதர் செய்யாத தப்பைத் தன்னிடமே தேடிக்கொண்டிருந்தார். "நீங்க ஒண்ணும் செய்யல அண்ணே. நான் போய்ச் சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு எடிட்டர் விடுதிக்குத் திரும்பினாள்.

அலுவலக அறையில் பென்சில் கட்டிலின் உடைந்த காலைப் பார்த்தபடி இருந்தாள். ஆய்வு மாணவி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அக்கா, அது நூலகம் இல்ல, நான்தான் இடத்தை மாத்தினேன்னு சொல்லப்போறேன். உங்க பேர் வராது."

"அப்போ எந்த இடம்னு கேட்பாங்க."

"சொல்லமாட்டேன்."

"உன்கிட்ட வந்த பேப்பரைக் கொண்டான்னு சொல்லுவாங்க. என் கையெழுத்தை அவர் நாலு வருஷமா திருத்தறார். அந்தப் பேப்பரை ஒரு தடவை பார்த்தா போதும், என் படிப்பும் போச்சு, நானும் போனேன்." ஆய்வு மாணவி சுவரிலிருந்து விலகி அருகில் வந்தாள். "அந்த அண்ணனை நினைச்சா எனக்கும் சோறு இறங்கலை. ஆனா நீ என் கைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்க."

ஒரு பக்கம் இவள், இன்னொரு பக்கம் அவர். இருவரையும் இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியவள் நடுவில் நின்றாள். பென்சில் முதல் தடவையாகக் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரையும் காப்பாத்தற மாதிரி ஏதாவது யோசிடி. நீதானே எல்லாத்துக்கும் யோசிப்ப," என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே நம்பிக்கேட்டாள். அதுதான் எடிட்டரை இன்னும் வதைத்தது.

விசாரணை மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, முதல்வர் அறைக்கு அடுத்த அறையில். நீள மேசைக்குப் பின்னால் வார்டன் அம்மா, அலுவலக மேலாளர், நடுவில் வேதியியல் துறைத்தலைவர். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. எல்லாரும் நல்லவர் என்று சொல்லுகிற மனிதருக்கு இருக்கவேண்டிய அத்தனையும் அவரிடம் இருந்தன. அவருக்கு முன்னால் 'பதினாறு பக்கம்' பன்னிரண்டாம் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. ஓரிடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். எந்த வரி என்று எடிட்டருக்கு எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. நாற்பத்தொரு அலமாரிகள். எல்லாவற்றையும் மாற்றியவள் குடுவைகளின் அந்த எண்ணை மட்டும் மாற்ற மறந்திருந்தாள்.

"உட்காரும்மா," என்றார் அவர் கனிவாக. "பயப்படாத. யாருக்கும் அநியாயம் நடக்கக்கூடாது. அதுக்குத்தான் இந்த விசாரணையே."

"சார், நூலக அண்ணன் ஒண்ணும் செய்யல. அந்த இடம் நூலகமே இல்ல. நான்தான் மாத்தினேன்."

வார்டன் அம்மா நிமிர்ந்தாள். துறைத்தலைவர் அசையவில்லை.

"மாத்தினதுன்னா, மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்திருக்கணும் இல்லையா? அதைக் கொண்டு வா. எந்தப் பொண்ணு எழுதினாளோ அவளை நாங்க காப்பாத்தணும். அவ யாருன்னு தெரிஞ்சாத்தானே காப்பாத்த முடியும்?"

எடிட்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். தெரியும் என்பது இவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் அவரிடம் மாட்டிக்கொண்ட மூன்று பேரில் எழுதியவள் எவள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வார்டன் அம்மா பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்படி ஒண்ணு இல்ல சார்."

"இல்லைன்னா?"

"யாரும் எழுதிக் கொடுக்கல. நானே கற்பனையா எழுதினது. அப்படி எதுவும் நடக்கவே இல்ல."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது, இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு கணம் அவளுக்குப் பெரிய ஆறுதல்கூட வந்தது. துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "சொன்னதையே எழுதிக் கொடுத்துடும்மா. நூலகத்திலோ இந்தக் கல்லூரியில் வேறு எந்த இடத்திலோ இப்படி ஒரு சம்பவம் நடக்கவில்லைன்னு சேர்த்துக்கோ. அப்பத்தான் அந்த மனுஷனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்." அவள் எழுதினாள். ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தாமல் ஒரே மூச்சில் எழுதி, பெயரும் தேதியும் போட்டாள். "நல்ல எழுத்துநடை," என்று அவர் பாராட்டினார். அவளை ஒரு பருவம் விடுதியிலிருந்து நீக்கினார்கள். 'பதினாறு பக்கம்' இனி வரக்கூடாது என்றார்கள்.

முத்திரை அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் மேசை கிடைக்கவில்லை. பெண்கள் வந்துபோகிற இடத்தில் எதற்கு வம்பு என்று, பழைய செய்தித்தாள் கட்டி வைக்கிற கிடங்குக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். "ஏதோ இருக்கப்போய்த்தானே அந்தப் பொண்ணு எழுதினா," என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். எடிட்டர் கிடங்கு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மாலை, ஆய்வு மாணவி வந்தாள். அழுத கண்ணாகத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடிக்காமல் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள்.

"என் பேர் வரல. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்திட்ட," என்றாள்.

"அக்கா, எனக்கு வேற வழி தெரியல."

"தெரியும். உன்மேல எனக்குக் கோபம் இல்ல." ஒரு சட்டையின் கையை உள்பக்கமாக மடித்தாள். "இன்னிக்கு வியாழக்கிழமை. மூணு பேரையுமே ஒவ்வொருத்தியா கூப்பிட்டாரு. நான் உள்ள போனேன். கதவை அவர் தாழ்ப்பாள் போடல. போட வேண்டிய அவசியமே இல்லைன்னு ஆயிடுச்சு."

எடிட்டரின் கையிலிருந்த பெட்டி மூடி அப்படியே நின்றது.

"அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில நீ எழுதிக் கொடுத்த கடுதாசியை வெச்சிருக்காரு. 'எந்த இடத்திலயும் நடக்கவில்லை.' நான் உட்கார்ற பக்கம் பார்த்த மாதிரி திருப்பி வெச்சிருக்காரு. இனிமே அங்க உட்கார்ந்து குடுவையை எண்ண மாட்டேன், அதைத்தான் படிச்சுக்கிட்டிருப்பேன்."